விளையாட்டால் சமூகம் மாறுமா?

"விளையாட்டு வெறும் பொழுதுபோக்குதானே, அதனால் சமூகத்தில் என்ன மாறிவிடும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். நிறையவே மாறும்.

1995 ரக்பி உலகக் கோப்பை இறுதிப் போட்டிக்கு, கேப்டனின் 6-ஆம் எண் பொறித்த தென்னாப்பிரிக்க அணியின் பச்சைச் சட்டையை அணிந்து வந்தார் நெல்சன் மண்டேலா. கறுப்பின மக்கள் பலருக்கு அந்தச் சட்டை நிறவெறியின் சின்னம். அதையே அவர் அணிந்து வந்ததும், பெரும்பாலும் வெள்ளையர்களே நிறைந்திருந்த அரங்கம் அவர் பெயரைச் சொல்லி ஆர்ப்பரித்தது. சட்டம் போட்டு வரவழைக்கக்கூடிய ஆரவாரம் அல்ல அது. ஆனால், ஒரு கோப்பையால் அந்நாட்டின் வறுமையும் ஏற்றத்தாழ்வும் ஒழிந்துவிடவில்லை. அது அரசியலின் வேலை.

களத்துக்குள்ளேயே நீதி கிடைக்கவும் போராட வேண்டியிருக்கிறது. அமெரிக்க ஓப்பன் டென்னிஸ் 1973-லேயே பெண்களுக்குச் சமமான பரிசுத்தொகை வழங்கியது. விம்பிள்டன் அந்த முடிவுக்கு வர 2007 ஆனது.