கேள்வி நேரம்: வகுப்பறையா, ஆன்லைனா?

கே: நெல்லிக்குப்பத்திலிருந்து புதுச்சேரிக்கு தினமும் பஸ்ஸில் போய் பி.இ. இரண்டாம் ஆண்டு படிக்கிறான் மகன். ஒரு பாடத்தை ஸ்வயத்தில் (மத்திய அரசின் ஆன்லைன் பாடத் தளம்) எடுக்கச் சொல்கிறார்களாம். வாத்தியார் எதிரில் இல்லாமல் படிப்பு ஏறுமா?
– ஒரு வாசகி, நெல்லிக்குப்பம்

ப: ஏறும். கணக்கு, சர்க்யூட் மாதிரிப் பாடங்கள் வகுப்பைவிட நன்றாகவே ஏறும். சர்க்யூட்டில் கம்பிகள் சேரும் ஒரு புள்ளியில் (நோட்) கரண்ட் உள்ளே வருகிறதா, வெளியே போகிறதா என்று குறி மாறும் ஒரே ஒரு வரி பிடிபடாவிட்டால், போர்டில் அதற்குப்பிறகு எழுதுவதெல்லாம் வீண். அறுபது பேர் இருக்கும் வகுப்பில் "சார், திரும்பச் சொல்லுங்க" என்று எத்தனை பிள்ளைகள் எழுந்திருப்பார்கள்? வீடியோவில் அதே வரிக்கு எத்தனை தடவை வேண்டுமானாலும் போகலாம். இங்கிலீஷ் வேகமாக இருந்தால் 0.75 வேகத்தில் வைக்கலாம். ஸ்வயத்தில் ஐ.ஐ.டி.க்கள் நடத்தும் பாடங்களுக்கு என்பிடெல் என்று பெயர்; அவற்றில் பலவற்றுக்கு, வாத்தியார் பேசுவதன் எழுத்து வடிவம் தமிழிலும் கிடைக்கிறது.

ஆனால் சும்மா பார்ப்பது படிப்பாகாது. கணக்கைச் சொன்னதும் வீடியோவை நிறுத்தி, நோட்டில் தானே போட்டுப் பார்த்துவிட்டு, பிறகு விடையைப் பார்க்கச் சொல்லுங்கள். பஸ்ஸில் பார்த்தால் எல்லாம் புரிந்த மாதிரியே இருக்கும். பரீட்சையில் கை ஓடாது. பஸ் நேரம், ஏற்கெனவே படித்ததைத் திரும்பக் கேட்க மட்டும்.

விதிமுறையில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். என்பிடெல் பாடத்தில் சேர கட்டணம் கிடையாது. சான்றிதழ் தேர்வுக்கு 1,000 ரூபாய். பாடத்தில் சேர்ந்தாலே தேர்வுக்கும் பதிவாகிவிட்டது என்று நினைத்துவிடுகிறார்கள். அது தனிப் பதிவு, அதற்குத் தனிக் கெடு. 12 வாரப் பாடத்தில் அசைன்மென்ட்டுகளில் சிறந்த எட்டின் சராசரிக்கு 25 மார்க், மையத்துக்கு நேரில் போய் எழுதும் தேர்வுக்கு 75. அசைன்மென்ட்டில் 10, தேர்வில் 30 என இரண்டையும் தனித்தனியாகத் தாண்ட வேண்டும். தேர்வில் 70 வாங்கியும், அசைன்மென்ட்டில் 9 என்றால் சான்றிதழ் இல்லை.

மல்டிமீட்டர் பிடிப்பது, சால்டரிங் செய்வது இதெல்லாம் லேபில்தான் வரும். அதற்காக அவன் பஸ் ஏறித்தான் ஆகவேண்டும்.

கே: தினம் ஒன்றரை ஜிபி டேட்டா மதியத்துக்குள் தீர்ந்துவிடுகிறது. மழைக்காலத்தில் கரண்டும் போய்விடும். என்ன செய்வது?
– ஒரு வாசகர், கடலூர் ஓ.டி.

ப: வீடியோ தரத்தை 'ஆட்டோ'வில் விடாதீர்கள்; சிக்னல் நன்றாக இருந்தால் அது தானாக மேலே ஏறி டேட்டாவைத் தின்றுவிடும். 360-ல் வையுங்கள். போர்டு எழுத்து மங்கலாக இருந்தால் மட்டும் 480. இரவில் மிச்சமிருக்கும் டேட்டாவில் மறுநாள் பாடத்தை டவுன்லோடு செய்துவிடுங்கள். ஜூலையில் தொடங்கும் 12 வாரப் பாடத்தின் கடைசி வாரங்களும் நம் பக்கத்து வடகிழக்குப் பருவமழையும் ஒன்றாக வந்து சேரும். அதனால் அசைன்மென்ட்டை கெடு நாள் இரவுவரை இழுக்காமல், இரண்டு நாள் முன்பே அனுப்பிவிடுங்கள். முதல் எட்டு வாரத்திலேயே நல்ல மார்க் சேர்த்துக்கொண்டால், புயலில் ஒரு வாரம் போனாலும் கவலையில்லை.

கே: ஆன்லைனில் வாங்கிய டிகிரி செல்லுமா? நர்சிங் படிக்கலாமா?
– ஒரு வாசகி, வில்லியனூர்

ப: யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2020 விதிமுறைப்படி, அனுமதி பெற்ற பல்கலைக்கழகத்தின் ஆன்லைன் டிகிரி, நேரில் படித்த டிகிரிக்குச் சமம். அனுமதி அந்தப் படிப்புக்கு, நீங்கள் சேரும் ஆண்டுக்கு இருக்கிறதா என்று யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு வெளியிடும் பட்டியலில் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். ஏஜென்ட் பேச்சை நம்ப வேண்டாம். நர்சிங், மருத்துவம், பொறியியல் பட்டங்களுக்கு ஆன்லைனில் அனுமதியே கிடையாது. யாராவது தருகிறேன் என்றால், அட்வான்ஸ்கூடக் கொடுக்காதீர்கள்.