கேப்டன் பதவி அலங்காரமா? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மாண்ட்ரியல் கனேடியன்ஸ் ஐஸ் ஹாக்கி அணியைப் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். கிரிக்கெட்டில் பந்துவீச்சாளரை மாற்றுவதும் ஃபீல்டிங்கை அமைப்பதும் கேப்டன்தான். ஐஸ் ஹாக்கியிலோ எல்லாவற்றையும் பயிற்சியாளரே முடிவு செய்கிறார். அப்படியென்றால் சட்டையில் ‘சி’ எழுத்தைத் தாங்கும் கேப்டன் வெறும் அலங்காரம்தானே?

கே., திருச்சி

அன்புள்ள கே.,

வியூகம் பயிற்சியாளரின் கையில் இருப்பது உண்மைதான். விதிப்படி கேப்டனுக்கு உள்ள முக்கியமான உரிமை, தீர்ப்புகளைப் பற்றி நடுவரிடம் விளக்கம் கேட்பது. அவரையும் துணைக் கேப்டன்களையும் தவிர மற்றவர்களுக்கு அது இல்லை. அந்த உரிமையின் கனத்தை உணர்த்தியவர் இதே அணியின் கோல்கீப்பர் பில் டர்னன். 1947-48 பருவத்தில் கேப்டனாக இருந்த அவர், நடுவரிடம் முறையிடுவதற்காக அடிக்கடி கோலைவிட்டு வெளியே வந்து ஆட்டத்தை நிறுத்திவிடுகிறார் என்று எதிரணிகள் குறைகூறின. அதன் பிறகு கோல்கீப்பர்கள் கேப்டனாகச் செயல்படக் கூடாது என்று, இந்த அணி ஆடும் தேசிய ஹாக்கி லீக்கான என்.எச்.எல். விதியே கொண்டுவந்தது.

ஆனால் இந்த அணியில் கேப்டன் பேச வேண்டியது நடுவரிடம் மட்டுமல்ல. 1961இல் அப்போதைய கேப்டன் டக் ஹார்வி நியூயார்க் அணிக்கு மாற்றப்பட்டபோது, சக வீரர்கள் வாக்களித்து ஜான் பெலிவோவைத் தேர்ந்தெடுத்தார்கள். முந்தைய பருவத்தில் 50 கோல் அடித்து, பதவி தனக்கே வரும் என்று நம்பியிருந்த பெர்னார்ட் ஜெஃப்ரியான் மனமுடைந்து போனார். அதைக் கண்ட பெலிவோ விட்டுக்கொடுக்க முன்வந்தும் நிர்வாகம் சம்மதிக்கவில்லை. பத்துப் பருவங்கள் பதவியில் இருந்து லீக்கின் சாம்பியன் பட்டமான ஸ்டான்லி கோப்பையை ஐந்து முறை வென்ற அவரைப் பற்றிப் பேசும்போது, கோப்பைகளுக்கு முன்னால் இந்தச் செயலையே நான் சொல்வேன். உடை மாற்றும் அறையில் ஒருவருடைய மனக்காயத்தை முதலில் கவனிப்பவர் கேப்டனாக இருப்பது எந்த அணிக்கும் பெரும் பேறு.

மாண்ட்ரியலில் மொழியும் சேர்ந்துகொள்கிறது. பிரெஞ்சு பேசும் மக்கள் தங்கள் அணியாகவே கருதும் இந்த அணிக்கு 1995இல் கேப்டனான மைக் கீன், பிரெஞ்சு கற்கும் அவசியம் தனக்கு இல்லை என்ற பொருளில் பேசியதாகச் செய்தி வந்ததும் பெரும் சர்ச்சை எழுந்தது. அதே ஆண்டு டிசம்பரில் அவரும் கோல்கீப்பர் பாட்ரிக் ருவாவும் கொலராடோ அணிக்கு மாற்றப்பட்டார்கள். அந்த மாற்றத்துக்கு முதன்மைக் காரணம் ருவாவுக்கும் பயிற்சியாளருக்கும் இடையே மூண்ட மோதல் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

1999இல் பொறுப்பேற்ற ஃபின்லாந்துக்காரர் சாக்கு கொய்வுவின் கதை இன்னும் சிக்கலானது. 2001 செப்டம்பரில் அவருக்குப் புற்றுநோய் இருப்பது தெரியவந்தது. சிகிச்சை முடித்து 2002 ஏப்ரல் 9 அன்று அவர் மீண்டும் பனிக்களத்தில் இறங்கியபோது, அரங்கமே எழுந்து நின்று ஏறத்தாழ எட்டு நிமிடம் கைதட்டியது. பின்னாளில் அதே நகரத்தில், அவர் பிரெஞ்சில் பேசுவதில்லை என்ற குறையும் பகிரங்கமாக எழுப்பப்பட்டது. அந்தக் கைதட்டலும் இந்தக் குறையும், கேப்டனைத் தங்களில் ஒருவராக மக்கள் உரிமை கொண்டாடுவதிலிருந்தே வந்தவை என்பது என் எண்ணம்.

உங்கள் பக்கமும் ஒரு சான்று உண்டு. கொய்வு வெளியேறிய பின் 2009-10 பருவம் முழுவதையும் கேப்டன் இல்லாமலே ஆடிய அணி, வாஷிங்டனையும் பிட்ஸ்பர்கையும் வீழ்த்திக் கிழக்குப் பிரிவின் இறுதிச் சுற்றுவரை சென்றது. 2014-15இலும் நான்கு துணைக் கேப்டன்களே அணியை நடத்தினார்கள். ஆயினும் அடுத்த பருவம் தொடங்குமுன் வீரர்கள் வாக்களித்து, அந்த நால்வரில் ஒருவரான மாக்ஸ் பாசியோரெட்டியைக் கேப்டனாக்கினார்கள்.