ரீச்சரிடம் கேளுங்கள்: கடிதம் வாசிக்கும் பெண்

திருகோணமலையில் பிள்ளைகளுக்குச் சித்திரம் படிப்பித்தவள் நான். இம்முறை எடுத்த படம், ஒல்லாந்து ஓவியர் வெர்மீர் 1657–59 அளவில் வரைந்தது: திறந்த ஜன்னலடியில் ஒரு பெண் கடிதம் வாசிக்கிறாள். ஜெர்மனியில், ட்ரெஸ்டன் நகரில் இருக்கிறது.

உப்புவெளி: ரீச்சர், அவள் சோகமாக இருக்கிறாளா?

முகத்தை விடுங்கள், பிள்ளை. கண்ணைத் தாழ்த்தி வாசிக்கும் எவருடைய முகமும் அப்படித்தான். கறண்ட் பில் வாசிக்கும்போது உங்கள் முகத்தையும் பாருங்கள். அவள் இரண்டு கையாலும் தாளைப் பிடித்திருக்கிறாள். ஜன்னல் கண்ணாடியில் அவள் முகம் மங்கலாக இன்னொரு தரம் தெரிகிறது. முன்னால் கம்பளம் கசங்கி, பழத்தட்டு சரிந்து கிடக்கிறது. அதை ஒதுக்கிவைக்கிற நிலையில் அவள் இல்லை. அவ்வளவுதான் படம் சொல்வது.

மூதூர்: சோகம்தானே, ரீச்சர்?

மேலே வாசியுங்கள்.

கிண்ணியா: என் பழைய புத்தகத்தில் பின்சுவர் வெறுமை. இப்போது அங்கே ஒரு சிறகு முளைத்த பையன்?

நல்ல கேள்வி. அவன் கியூபிட், நம் மன்மதனைப் போல. சுவரில் மாட்டிய ஓவியமாக வெர்மீரே வரைந்தது. 1979இல் எக்ஸ்ரே எடுத்தபோது தெரிய வந்தான். வெர்மீரே மனம் மாறி மறைத்தார் என்றுதான் நெடுநாள் நம்பினார்கள். பிறகு ஆராய்ந்தபோது அவனுக்கு மேலிருந்த வார்னிஷில் அழுக்குப் படிந்திருந்தது, அதற்கும் மேலேதான் மறைத்த பூச்சு. அழுக்குப் படியப் பல வருடம் வேண்டுமே! ஆகவே வேறொருவர் வேலை. அதைச் சுரண்டி எடுத்து 2021இல் காட்சிக்கு வைத்தார்கள். அவன் காலடியில் முகமூடிகள் கிடக்கின்றன: பொய்யை மிதிக்கும் காதல். ஆக, அது காதல் கடிதம்.

நிலாவெளி: வெறும் சுவர்தான் அழகு. இப்போது எல்லாவற்றையும் விளக்கிவிட்டார்கள்.

தம்பி, உங்கள் ரசனை அது. எனக்கும் பழைய படத்தின் மௌனம் பிடிக்கும். ஆனால் அந்த மௌனம் வெர்மீருடையது அல்ல.

தம்பலகாமம்: அப்படியானால் இத்தனை காலம் ரசித்தவர்கள் முட்டாள்களா?

யார் சொன்னது? தங்களுக்குக் காட்டியதை ரசித்தார்கள்.

நிலாவெளி: பூச்சும் படத்தின் வரலாறுதானே, ரீச்சர்?

சரி, இதில் உங்களுக்கு ஒரு புள்ளி.

மூதூர்: மோனா லிசா சிரிக்கிறாளா, அழுகிறாளா?

வாயோரத்தில் கோடே இல்லை, நிழல்தான். போன் திரையில் பார்த்து நிறத்தையும் நிழலையும் தீர்மானிக்காதீர்கள் என்று எத்தனை தரம் சொல்வது!

உப்புவெளி: அப்போ சோகம் இல்லையா, ரீச்சர்?

கையைப் பாருங்கள், பிள்ளை.