மயில்கழுத்துக்கு ஏன் மேட்ச் ஆகவில்லை?

கேள்வி: சேலம் கொண்டலாம்பட்டியில் தையல் கடை வைத்திருக்கிறேன். வாடிக்கையாளர் ஒருவர் மயில்கழுத்து நிறப் பட்டுச்சேலையைக் கொடுத்து, அதே நிறத்தில் ரவிக்கை கேட்டார். கடைகளில் துணி கிடைக்காததால் வெள்ளைக் காட்டனுக்கு நானே ரியாக்டிவ் சாயம் (பருத்தி இழையோடு வேதிவினையில் பிணைந்துகொள்ளும் சாயம்) போட்டேன். ஈரத்தில் பொருந்தியது, காய்ந்ததும் வெளிறிவிட்டது. இரண்டாம் முறை சரியாக வந்தும், கல்யாண மண்டபத்தில் வேறு நிறமாகத் தெரிந்ததாம். எங்கே தவறு?

பதில்: முதல் வில்லங்கம் அந்தச் சேலையிலேயே இருக்கிறது. மயில்கழுத்து ஒற்றை நிறம் அல்ல. பாவில் (நீள இழையில்) ஒரு நிறம், ஊடையில் (குறுக்கு இழையில்) இன்னொரு நிறம், பெரும்பாலும் நீலமும் பச்சையும். மடிப்பு திரும்பத் திரும்ப ஒன்று முந்தும், மற்றது பின்வாங்கும். நெய்து முடித்த வெள்ளைத் துணியை எந்த வாளியில் முக்கினாலும் அந்தப் பளபளப்பு வராது. இதை முதலிலேயே சொல்லிவிட்டு, சேலையை விரித்துத் தள்ளி நின்று பார்த்தால் தெரிகிற நிறத்துக்கோ, கரையின் நிறத்துக்கோ ஒப்புக்கொள்ளுங்கள். மற்ற நிறச் சேலைகளிலும் முந்தானை ஓரத்தில் ஒரு நூலை உருவி, இப்படி இரு நிறமா என்று பார்த்துவிடுவது நல்லது.

ஈரத் துணி எப்போதும் ஆழமாகத்தான் தெரியும். அதோடு, துணியில் பிடிக்காத சாயமும் அப்போது ஒட்டிக்கொண்டிருக்கும். மாதிரித் துண்டைக் கொதிக்கும் சோப்புத் தண்ணீரில் அலசி, காயவைத்து, இஸ்திரி போட்டு, சூடு ஆறிய பிறகுதான் ஒப்பிட வேண்டும். இஸ்திரிச் சூட்டில் சில சாயங்கள் சற்று நேரத்துக்கு நிறம் மாறும், அவசரப்பட்டால் ஏமாந்துவிடுவோம்.

மண்டபத்தில் நடந்தது வேறு கதை. சேலைக்குப் போட்ட சாயமும் உங்கள் சாயமும் வெவ்வேறு. பகல் வெளிச்சத்தில் இரண்டும் ஒன்றுபோல் தெரியும், மஞ்சள் பல்பின் கீழே பிரிந்துவிடும். நீங்கள் எத்தனை சாயங்களைக் கலக்கிறீர்களோ, அந்த அளவுக்கு இந்த ஆபத்தும் கூடும். இரண்டிலேயே முடிக்கப் பாருங்கள், மூன்றைத் தாண்ட வேண்டாம். நேர் வெயில் படாத வடக்குப் பார்த்த வாசலில் ஒருமுறை, டியூப் லைட்டில் ஒருமுறை, மஞ்சள் பல்பில் ஒருமுறை பாருங்கள். மூன்றிலும் ஒத்துவரவில்லை என்றால், துணியை எங்கே உடுத்தப்போகிறார்களோ அந்த வெளிச்சத்துக்கே முதலிடம்.

அளவு விஷயத்தில் ‘ஒரு சிட்டிகை’ உதவாது. 1 கிராம் சாயத்தை 100 மில்லி தண்ணீரில் கரைத்துக்கொள்ளுங்கள். 5 கிராம் எடையுள்ள துணித் துண்டுக்கு 2 சதவீத நிறம் (துணி எடையில் 2 சதவீதம் சாயம்) என்றால் 0.1 கிராம் சாயம், அதாவது இந்தக் கரைசலில் 10 மில்லி. மருந்துக் கடை சிரிஞ்சில் எளிதாக அளக்கலாம். நீலக் கரைசல் 7 மில்லி, மஞ்சள் கரைசல் 3 மில்லி என்று தொடங்கி, விகிதத்தை மாற்றி நான்கைந்து துண்டுகள் போடுங்கள். பொருந்தியதை 100 கிராம் துணிக்குப் போட 20 மடங்கு. சாயம் மட்டுமல்ல, தண்ணீர், உப்பு, சோடா ஆஷ் (சாயத்தைத் துணியில் பிடிக்கவைக்கும் காரம்) எல்லாமே அதே 20 மடங்குதான். (சோடா ஆஷ் கேட்டால் ஆப்பசோடாவைக் கொடுத்துவிடுகிற கடைகளும் உண்டு, பாக்கெட்டைப் படித்துப் பாருங்கள்.) சூடும் நேரமும்கூட மாதிரிக்கும் துணிக்கும் ஒன்றாக இருக்கட்டும்.

எப்போதும் கொஞ்சம் வெளிறலாகவே தொடங்குங்கள். ஏற்றுவது சுலபம், ஏறியதை இறக்குவது பெரும்பாடு. பச்சை கண்ணைப் பறித்தால் கறுப்புச் சாயத்தைத் தொடாதீர்கள், ஓரிரு சொட்டு சிவப்பே அதை அடக்கும்.

தண்ணீரைச் சொல்லாமல் விட முடியாது. சுண்ணாம்பு உப்புகள் மிகுந்த போர் தண்ணீரில் சாயம் மங்கலாகவும் திட்டுத்திட்டாகவும் ஏறும். மாதிரியை மேட்டூர்க் குழாய்த் தண்ணீரில் போட்டுவிட்டு, முழுத் துணியைப் போர் தண்ணீரில் போட்டால் வேறு நிறம்தான் வரும். முடித்த சாயத் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டாதீர்கள், திருமணிமுத்தாறு பார்த்த சாயம் போதும்.

பொருந்திய துண்டை ஓர் அட்டையில் ஒட்டி, பக்கத்தில் சாயத்தின் பெயர், லாட் எண், மில்லி அளவு, துணியின் எடை, எந்தத் தண்ணீர் என்பதையெல்லாம் எழுதி வையுங்கள். அதே வாடிக்கையாளர் அடுத்த மாதம் தங்கைக்கும் ஒன்று வேண்டும் என்று வருவார்.