ஒப்புக்கொண்ட பிறகும் கொலையை நிரூபிப்பது ஏன் கடினம்?

கேள்வி: 2017-ல் காணாமல் போன என் அக்காவைக் கொன்றதாக, தொடர் கொலை வழக்கில் அண்மையில் கைதான ஒருவர் போலீஸாரிடம் ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆனால் உடல் கிடைக்கவில்லை. நிரூபிப்பது கடினம் என்கிறார் விசாரணை அதிகாரி. நாங்கள் என்ன செய்வது?

பதில்: உங்கள் குடும்பம் இத்தனை ஆண்டுகள் காத்திருந்ததை உணர்கிறேன், அதனாலேயே உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன். போலீஸாரிடம் அளிக்கும் ஒப்புதல் வாக்குமூலம் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிரான சாட்சியம் ஆகாது. சாட்சியச் சட்டத்தின் 25ஆம் பிரிவில் இருந்த இவ்விதி, இப்போது அதற்குப் பதிலாக வந்த பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் 23ஆம் பிரிவில் இருக்கிறது. அவர் சொன்னதைக் கொண்டு ஒரு பொருள் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டால், அந்தக் கண்டுபிடிப்போடு நேரடியாகத் தொடர்புடைய பகுதி மட்டும் ஏற்கப்படும். உங்கள் அக்காவின் வளையலை இன்ன கடையில் அடகு வைத்தேன் என்று அவர் சொல்லி, அங்கே அது கிடைத்தால் அந்தச் சொல் செல்லும். கொன்றுவிட்டுக் கழற்றினேன் என்பது செல்லாது.

இதில் காட்டும் அலட்சியம் வழக்கையே சாய்த்துவிடும். நொய்டாவில் உள்ள நிதாரியில் 2006 டிசம்பரில் ஒரு வீட்டை ஒட்டிய சாக்கடையிலிருந்து குழந்தைகளின் மண்டை ஓடுகள் எடுக்கப்பட்டன. அங்கு வேலை செய்த சுரேந்தர் கோலிக்குப் பல வழக்குகளில் மரண தண்டனை விதிக்கப்பட்டது. ஆனால் 60 நாள் போலீஸ் காவலுக்குப் பின், முறையான சட்ட உதவியின்றிப் பெறப்பட்ட வாக்குமூலத்தை நம்ப மறுத்து, 2023 அக்டோபர் 16 அன்று அலகாபாத் உயர் நீதிமன்றம் 12 வழக்குகளில் அவரை விடுவித்தது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அந்தப் பெற்றோரின் நிலையை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

உங்கள் வழக்கில் கைதானவர் மற்ற கொலைகளில் தண்டிக்கப்பட்டாலும், இதையும் அவர்தான் செய்திருப்பார் என்று நீதிமன்றம் ஊகிக்காது; ஒவ்வொரு கொலையும் தனித்தனியே நிரூபிக்கப்பட வேண்டும். உடல் கிடைக்கவில்லை என்பதே வழக்குக்குத் தடையாகிவிடாது. சூழ்நிலைச் சாட்சியங்கள் சங்கிலியாக இணைந்து வேறு முடிவுக்கு இடம் தராவிட்டால் தண்டனை வழங்கலாம் என்பதை 1981-ல் ராமானந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றிருக்கிறது. கொலை வழக்குக்குக் காலவரம்பும் கிடையாது.

ஆகவே அக்காவின் நகை ரசீதுகளையும் அவற்றை அணிந்திருக்கும் புகைப்படங்களையும் தேடி எடுங்கள். 2017 முதல் அடையாளம் தெரியாத சடலங்களாகப் பதிவானவற்றோடு ஒப்பிட, தாயாரின் டி.என்.ஏ. மாதிரியை எடுக்கும்படி எழுத்து மூலம் கேளுங்கள். அக்காவைக் கடைசியாகச் சந்தேக நபரோடு பார்த்தவர் யாரேனும் இருந்தால், பலருக்கு நடுவே நிற்பவரைச் சாட்சி அடையாளம் காட்டும் அடையாள அணிவகுப்பு முடியும்வரை அவருக்குச் சந்தேக நபரின் படத்தைக் காட்டாதீர்கள். படத்தைப் பார்த்துத்தான் அடையாளம் சொன்னார் என்று எதிர்த்தரப்பு வாதிட அதுவே போதும். பழைய புகார் முடித்துவைக்கப்பட்டிருந்தால், மேல் விசாரணை கோரி மாவட்டக் காவல் கண்காணிப்பாளரிடம் மனு கொடுத்து, அதைப் பெற்றதற்கான ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். அவர் மறுத்தால் அந்தச் சீட்டோடு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தை அணுகலாம்.