வெயிலும் சாரலும் படும் தேக்கு வாசற்கதவில் வார்னிஷ் ஏன் உரிகிறது? திரும்ப எப்படி அடிப்பது?

பெரும்பாலும் குற்றம் வார்னிஷின் அடியில்தான். சாதாரண கிளியர் வார்னிஷ் வழியே புற ஊதாக் கதிர் புகுந்து, மரத்தின் மேற்பரப்பில் உள்ள லிக்னினை (மர இழைகளைப் பிணைத்து வைக்கும் பொருள்) சிதைக்கிறது. பிடிமானம் போனதும் படலம் செதிலாக எழும்பும். அதன்மேலேயே இன்னொரு கோட் அடித்தால் அதுவும் சேர்ந்து உரியும்.

எனவே பழையதை முழுக்கச் சுரண்டி எடுங்கள். 80, 120, 180 எண் உப்புத்தாளால் ரேகைப் போக்கிலேயே தேயுங்கள். குறுக்கே தேய்த்த கீறல், ஸ்டெயின் (மரத்துக்கு நிறமேற்றும் பூச்சு) அடித்தால் பளிச்செனத் தெரியும். தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு. ஆகவே அடிப்பதற்குச் சற்று முன் தின்னரால் துடைக்க வேண்டும். பலரும் விடுவது இதைத்தான்.

வெளிப்புறத்துக்கான, புற ஊதாத் தடுப்புள்ள பியூ (PU, பாலியூரித்தேன்) வார்னிஷ் வாங்குங்கள். அரக்கு பாலிஷ் வேண்டாம், தண்ணீர் பட்டால் வெளுக்கும். முதல் கோட்டை நீர்க்க அடித்து, பிறகு இரண்டு கோட். ஒவ்வொன்றும் காய்ந்தபின் 220 தாளால் லேசாகத் தேய்க்கவும். நேர்வெயிலில் அடித்தால் கொப்புளம் வரும்.

கதவைக் கழற்றி அடிவிளிம்புக்கும் பூசுங்கள். செங்குத்துச் சட்டங்களின் வெட்டுமுனைகள் தண்ணீரை உறிஞ்சுவது அங்கேதான்.