சின்னப் பிள்ளைகளின் சில்லறைத் தப்புகளைக் குற்றமாகக் கருதி போலீசுக்குப் போகலாமா?

கூடாது என்பதுதான் என் பதில். ஆனால் "பாவம், சின்னப் பிள்ளைதானே, விடுங்கள்" என்று சொல்கிற ஆளும் நான் இல்லை. நானே ஒரு காலத்துத் திருடன்.

எங்கள் ஊர் மலேசியாவில் இருக்கும் பத்தாங் பெர்ஜுந்தை. பெயரை பெஸ்தாரி ஜெயா என்று மாற்றி வருடக்கணக்காகிறது, எங்கள் வாய்தான் இன்னும் மாறவில்லை. 1984இல் நான் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் வகுப்பு. நானும் எதிர் லயத்து (தொழிலாளர் வரிசை வீடு) கூட்டாளி ஒருவனும் மத்தியானத்தில் பால்காட்டுக்குள், அதாவது ரப்பர் தோட்டத்துக்குள், புகுந்து ஒட்டுப்பால் உரிப்போம். பால்மரம் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன்: காலையில் மரம் வெட்டிப் பாலை எடுத்துப் போன பிறகும் சொட்டுவது உடனே நிற்காது. வெட்டிய கோட்டில் அது நாடா மாதிரி காய்ந்து ஒட்டிக்கொள்ளும். பால் பிடிக்கும் மங்கின் அடியில் கட்டியாக உறையும். எல்லாவற்றையும் சேர்த்து உருட்டினால் பந்தாக வரும், நாற்றம் குடலைப் பிடுங்கும். டவுனில் பழைய சாமான் வாங்கும் தவுக்கே ஒரு கேள்வியும் கேட்காமல் நிறுத்துக் காசு கொடுப்பார். முதல் தடவை இரண்டு வெள்ளி முப்பது காசு கிடைத்தது. ஐஸ் கச்சாங் சாப்பிட்டு மிச்சத்துக்குக் கோலி வாங்கினோம்.

எங்கள் கணக்கில் அது தோட்டத்துத் துரையின் சொத்து. அவருக்கு எத்தனை ஆயிரம் மரம், நாலு உருண்டை போனால் என்ன?

மூன்றாம் தடவை ஜாகாவிடம் (காவல்காரர்) மாட்டினோம். அவர் வேலையை மேற்பார்க்கும் மண்டோரிடம் கொண்டுபோனார். ஆபீசுக்குத்தான் போகிறோம் என்று நடுங்கிக்கொண்டே நடந்தோம். மண்டோர் எங்களைக் கடைசி லயத்தில் ஒரு பெரியம்மா வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். எதற்கு என்று எங்களுக்குப் புரியவில்லை. அப்புறம்தான் தெரிந்தது. ஒட்டுப்பாலைத் தனியாக நிறுத்து, அந்த மரங்களை வெட்டுகிறவர் பேரில்தான் காசு போடுவார்களாம். நாங்கள் உரித்ததெல்லாம் பெரியம்மாவின் நிரையில், அவர் வெட்டும் மர வரிசையில்.

பெரியம்மா திட்டவில்லை. புடைத்துக்கொண்டிருந்த முறத்தைக் கீழே வைத்தார். "நாலு நாளா மழைடா. மரம் வெட்டவே போகல. இந்த வாரத்துக்கு அந்த ஒட்டுப்பால்தான் எனக்கு இருந்துச்சு" என்றார். அவ்வளவுதான். துரையை நினைத்துத் திருடிய எனக்கு அந்த முறத்தைப் பார்க்க முடியவில்லை.

மண்டோர் சொன்ன தீர்ப்பு: பள்ளி விடுமுறை முடியும் வரை விடிகாலையில் பெரியம்மாவோடு போய் ஒட்டுப்பால் எடுத்துக் கொடுக்க வேண்டும். ஒரு நிரையில் 500 மரத்துக்குக் குறையாது. கொசுக்கடியோடு மரம் மரமாக நடந்தோம். அப்பா வீட்டில் ரோத்தானால் அடித்தார் என்று அம்மா சொல்வார். அந்த அடி எனக்கு ஞாபகமே இல்லை. விரலில் ஒட்டிய அந்த நாற்றம் மட்டும் இன்னும் இருக்கிறது.

தோட்டத்து நியாயமெல்லாம் பொன் என்று சொல்ல வரவில்லை. பிள்ளை செய்த தப்புக்கு அப்பனின் வேலையில் கைவைப்பதாக மிரட்டிய ஆட்களும் உண்டு. வேலை போனால் லயத்து வீடும் போகும். எங்களுக்கு வாய்த்த மண்டோர் நல்லவர், அது எங்கள் அதிர்ஷ்டம்.

அந்தக் கூட்டாளிக்கு அதிர்ஷ்டம் ஒரு தடவைதான். ஆறாம் வகுப்புக்கும் இடைநிலைப் பள்ளியின் படிவம் ஒன்றுக்கும் நடுவில் வரும் புகுமுக வகுப்பில் படிக்கும்போது டவுனில் யாரோ நிறுத்தியிருந்த சைக்கிளை எடுத்து, ஈயக் குட்டை வரை ஓட்டிவிட்டு, சாயங்காலம் எடுத்த இடத்திலேயே கொண்டுவந்து வைத்தான். அதற்குள் சைக்கிள்காரர் பாலாயில் (போலீஸ் நிலையம்) ரிப்போர்ட் செய்துவிட்டார். கேஸ் எதுவும் ஆகவில்லை, மிரட்டி அனுப்பிவிட்டார்கள். ஆனால் ஜீப்பில் ஏற்றியதை ஊரே பார்த்தது. அதன் பிறகு கோழி காணாமல் போனாலும் முதலில் அவன் வீட்டுக் கதவைத்தான் தட்டினார்கள். படிவம் இரண்டில் பள்ளிக்கூடத்தை விட்டான். சைக்கிள்காரர் யார், அன்று அவர் எப்படி வீட்டுக்குப் போனார் என்று அவனுக்குக் கடைசி வரை தெரியாது. கேட்டுப் பார்த்திருக்கிறேன்.

நான் இருபது வருடமாக ஒரு வக்கீல் ஆபீசில் கிராணி (குமாஸ்தா). அதனால் சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நம் குற்றவியல் சட்டம் 1860இல் இந்தியாவில் எழுதிய சட்டத்தின் வழியில் வந்தது. 82ஆவது பிரிவின்படி 10 வயது நிறையாத பிள்ளை செய்வது எதுவும் குற்றமே இல்லை (இந்தியாவில் அந்த வயது 7). 83இன்படி 10க்கு மேல் 12க்குள் என்றால், செய்வது என்னவென்று புரிகிற பக்குவம் அந்தப் பிள்ளைக்கு இருந்ததா என்று பார்க்க வேண்டும். ஐநாவின் குழந்தை உரிமைக் குழு 2019இல் குறைந்தது 14 வயதாவது வையுங்கள் என்று எல்லா நாடுகளுக்கும் சொல்லியிருக்கிறது. எனக்குப் பிடித்தது 95ஆவது பிரிவு. சாதாரண புத்தியும் குணமும் உள்ள எவரும் புகார் சொல்ல மாட்டாத அளவுக்குச் சிறிய தீங்கு குற்றமாகாது. சாதாரண குணமுள்ள ஆளை எங்கே போய்த் தேடுவது என்பது வேறு விஷயம்.

அதையும் தாண்டி வழக்கானால் 2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டம் இருக்கிறது. தனி நீதிமன்றம். மாஜிஸ்திரேட்டோடு இரண்டு ஆலோசகர்கள் உட்காருவார்கள், ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். வெளியாட்கள் உள்ளே வர முடியாது. பத்திரிகைகள் பெயரும் படமும் போடக்கூடாது. இவ்வளவு பொத்திப் பாதுகாக்கிறது சட்டம். நம் ஆட்கள் கேமராவில் பதிந்ததை வெட்டி, நீதிமன்றத்துக்குப் போகும் முன்பே வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுகிறார்கள்.

கத்தி, கும்பல், இன்னொரு பிள்ளையின் மண்டையை உடைப்பது எல்லாம் வேறு. அதற்குப் போலீஸ் வேண்டியதுதான். நான் பேசுவது மிட்டாய், மாங்காய், சைக்கிள் பற்றி.

போன வருடம் எங்கள் தாமானில் (குடியிருப்புப் பகுதி) ஒரு மினி மார்க்கெட்டில் 11 வயதுப் பையன் சாக்லெட்டும் கலர் பேனாவும் எடுத்து மாட்டிக்கொண்டான். கடைக்காரரைக் குறை சொல்ல மாட்டேன், மாதாமாதம் சாமான் குறைகிறது, அவருக்கும் வாடகை இருக்கிறது. ரிப்போர்ட் செய்யக் கிளம்பியவரிடம் நான் போய் 83ஐயும் 95ஐயும் எடுத்துச் சொன்னேன். பையனின் அம்மா கிளினிங் வேலையிலிருந்து ஓடிவந்து, அழுதுகொண்டே பணத்தைக் கட்டினார். கடைக்காரர் வாங்கிக் கல்லாவில் போட்டார். பத்து நிமிடத்தில் முடிந்தது. நானும் ஏதோ பெரிய காரியம் செய்துவிட்ட மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வெளியே வந்தேன்.

பையன் அதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. காரில் ஏறியதும் கேட்டான்: "அங்கிள், கேமரா எங்க இருந்துச்சு?"

காட்டினேன். அப்புறம் அந்தக் கடைக்காரர் பெயர் தெரியுமா என்று கேட்டேன். தெரியாது என்றான். யோசித்தால், எனக்கும் தெரியாது.